நம்பர் போட்ட மலை

தினமும் காலையில் சந்தைக்குப் போகும்போது ஒரு மலைக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன். சாமி இருக்கிற மலை இல்லை. ஹாங்காங்கில், நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் பின்னால், பஸ் ரோட்டை ஒட்டி நிற்கிற சாதாரணச் சரிவு. உச்சியிலிருந்து அடிவரை சிமெந்து பூசி, தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய்கள் சொருகி, தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு மரங்களைச் சுற்றி மட்டும் வட்டமாக மண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள். அடியில் ஒரு தகட்டுப் பலகை. அதில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நம்பர். வந்த புதிதில் அதை வீட்டு இலக்கம் என்று நினைத்து, இந்தச் சுவருக்குள் யார் குடியிருக்கிறார்கள், கதவு எந்தப் பக்கம் என்று சுற்றிப் பார்த்தேன். இந்த ஊரில் எந்த இடுக்கிலும் ஆள் இருப்பார்கள் என்பதால் அது அப்படியொன்றும் பைத்தியக்காரச் சந்தேகம் இல்லை. வீட்டுக்கார மிஸ்ஸிடம் கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அது மலையின் நம்பர் என்றார். வீடுகளை ஒட்டி நிற்கிற சரிவுகளுக்கெல்லாம் இங்கே நம்பர் உண்டாம். நம்பரைச் சொன்னால் அதைக் கவனிப்பது யார் பொறுப்பு என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

மலைக்கு விலாசம் இருக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஏனென்றால் எனக்கு விலாசம் கிடையாது. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவள் நான். தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், தபால் கந்தோர். இதுதான் அங்கே எங்கள் எல்லோருக்கும் பொது விலாசம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து நேரம் கிடைத்தவர் கையில் ஊர் சுற்றிவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு கல்யாணப் பத்திரிகை வந்து சேரும். லயத்துக்குப் பின்னால் நிற்கிற மலைக்கும் நம்பர் கிடையாது. மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடிய பிறகு, எங்கள் மலையையும் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். மேலே ஏறி வெடிப்பைப் பார்த்தார்கள், கீழே இறங்கித் தேத்தண்ணி குடித்தார்கள், இங்கே இருப்பது ஆபத்து என்று சொன்னார்கள். வேறு எங்கே இருப்பது என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் ஜீப் வளைவைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து பெருமழை பிடித்தால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். மழை விட்டதும் அதே பையோடு அதே காம்பராவுக்குத் திரும்பி வருவோம்.

இங்கே நான் பார்த்துக்கொள்வது மிஸ்ஸின் அப்பாவை. நான் அவரை ஆ பாக் என்று கூப்பிடுகிறேன், நம் ஊரில் பெரியவரே என்பது மாதிரி. வாழ்நாளெல்லாம் டாக்சி ஓட்டியவர். ஒரு கால் விழுந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து குதிரைப் பந்தயத்தை ரேடியோவில் கேட்டு, தோற்ற குதிரைகளைப் பெயர் சொல்லித் திட்டுவது அவருடைய முழுநேர வேலை. வீடு இருபத்திரண்டாம் மாடியில். ஹாங்காங் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: நம் லயத்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்தால் ஹாங்காங். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கேயும் கேட்கும். இருமியது யார் என்று மட்டும் ஆயுசுக்கும் தெரியாது. என் நாட்டின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் அது இந்தியாவில் எங்கே என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் உடனே தேயிலை என்கிறார்கள். கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் கறுகறுவென்று சாயம் இறக்கி, டின்பால் ஊற்றி ஒரு தேநீர் தருவார்கள். தேயிலைத் தகரத்தில் நம் நாட்டுப் பெயர் ஒட்டியிருக்கும். அம்மா பறித்த கொழுந்தாகக்கூட இருக்கலாம். நல்ல ருசி. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தேத்தண்ணியை நான் குடித்ததே இல்லை, எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் சலித்துக் கழித்த தூள்.

வந்த முதல் வருஷம் ஒரு காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டிவியின் மூலையில், சரிந்து விழும் மலையின் படம் சிவப்பில் வந்து நின்றது. மொழி தெரியாவிட்டாலும் அந்தப் படம் எனக்குப் புரியும். மிஸ் வேலைக்குப் போய்விட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஆ பாக்கின் அடையாள அட்டை, மருந்து, அவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட ரேடியோ எல்லாவற்றையும் பையில் போட்டு, அவருக்கு மழைக்கோட்டை மாட்டி, லிஃப்டில் இறக்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தேடி ஓடினேன். கட்டடக் காவல்காரர் இரண்டு கையையும் விரித்து "மோ ஸி, மோ ஸி" என்று குறுக்கே நின்றார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஊரே மண்ணுக்குள் போகப்போகிறது, இந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லையா என்று அவரையும் ஒரு தள்ளு தள்ளினேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. இங்கே பெருமழை பெய்தால் முதலில் மூடுவதே பள்ளிக்கூடத்தைத்தானாம். கடைசியில் ஒரு சின்னக் கடைக்குள் ஒதுங்கினோம். ஆ பாக் மீன் உருண்டை வாங்கித் தின்றுகொண்டு, வருஷக்கணக்காக இல்லாத சந்தோஷத்தில் மழையை வேடிக்கை பார்த்தார்.

காவல்காரர் போன் எடுத்ததும் நனைந்துபோய் ஓடிவந்த மிஸ், கோபத்தோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஏன் வெளியே கூட்டி வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மலை வருகிறது என்றேன். அவர் என்னையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலை வராது. அதற்கு நம்பர் இருக்கிறது. மழை பெய்தால் இங்கே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும்."

மழை பெய்தால் உள்ளே இருப்பது. இந்த நாலு வார்த்தையைச் சம்பாதிக்கத்தான் கடல் தாண்டி வந்தேனோ என்று தோன்றியது. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆ பாக் அடுத்த மழைக்கும் மீன் உருண்டை தின்னப் போக வேண்டும் என்று மகளிடம் அடம்பிடித்ததால் தப்பித்தேன்.

இந்தக் கதையை நான் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்திருக்கலாம். ஆனால் ஊருக்குப் போன் எடுத்தால் சிரிக்க ஏதாவது வேண்டுமே. வீடியோவில் அம்மாவுக்கும் தம்பி செல்வத்துக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வம் எங்களுக்குக் கிட்டத்து டவுனான அப்புத்தளையில், ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பதை வாசிப்பதற்கே ஒரு பயணம் போதாது, அவ்வளவு எழுத்து ஆசை. அவன் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த போர்டை ஒரு போட்டோ புடிச்சி அனுப்புங்க" என்றான்.

ஒரு வாரம் கழித்து எங்கள் லயத்து மலையின் அடியில், கொன்கிரீட் தூண் நட்டு, அதே அளவில், அதே பச்சை நிறத்தில் ஒரு பலகை நின்றது. நம்பர் வேறு ஒன்றுமில்லை, அவனுடைய ஆட்டோ நம்பர்தான். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்தைக் கூட்டி, நடுவில் ஒரு சாய்கோட்டைப் போட்டதும் அதற்குக் கவர்மென்ட் களை வந்துவிட்டது. பிறகு நடந்ததைச் செல்வம் சொல்லச் சொல்ல நான் காய்கறிக் கடையில் நின்று தனியாகச் சிரித்தேன். முதலில் தோட்டத்து ஆபீஸ் ஆள் வந்து பலகையைப் போட்டோ எடுத்தார். அது ரோட்டு ஆபீஸ் வைத்தது என்று அவர் நினைத்தார். ரோட்டு ஆபீஸ்காரர் வந்து, இது மண்ணைப் பார்க்கிற ஆபீஸ் வேலை என்றார். மண்ணைப் பார்க்கிறவர் வந்து, கொழும்பிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லிப் பலகைக்கு முன்னால் கொஞ்சம் மரியாதையாகவே நின்றார். நம் நாட்டில் எந்த ஆபீசரும் இன்னொரு ஆபீசரின் பலகையைத் தொடமாட்டார். கொழும்பிலிருந்து யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, என் சின்ன வயதிலிருந்து அடைத்துக் கிடந்த மழைத்தண்ணீர்க் கானை ஆள் விட்டு வெட்டினார்கள். மண் நகர்கிறதா என்று பார்க்க வெடிப்பில் ஒரு அளவு கம்பும் நட்டார்கள். மனு எழுதி எழுதிக் கிடைக்காதது ஒரு டப்பா பெயின்ட்டில் கிடைத்தது.

கூத்து அத்தோடு முடிந்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதி முடித்திருப்பேன். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மூன்றாம் நாள் செல்வம் போன் எடுத்தான். குரலில் விளையாட்டு இல்லை. அளவு கம்பு சாய்ந்துவிட்டது, லயத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டது, அம்மா மட்டும் அசைய மாட்டேன் என்கிறாள். எனக்கு மத்தியானம், அவர்களுக்கு இன்னும் காலை. அவன் போனைத் திருப்பினான். அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எந்திரிச்சுப் போங்கம்மா."

"நான் எதுக்குப் போவணும்? பள்ளிக்கொடத்துல படுத்துப் படுத்து நானே அஞ்சாம் வகுப்பு பாஸ் பண்ணிட்டேன். இப்பதான் மலைக்கு நம்பர் போட்டாச்சே."

"அது நான் எழுதுனதும்மா. ஆட்டோ நம்பரும்மா" என்று செல்வம் கத்தினான்.

"நீ எழுதுனத பாக்கவா அத்தன தொரைமாரு வந்தாங்க? கானு வெட்டுனாங்களே, அதையும் நீயா வெட்டுன?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மழை பெஞ்சா உள்ள இருக்கணும்னு ஒன்னோட ஊர்ல சொல்றாங்கன்னு நீதானே பாப்பா சொன்ன?"

 நான் சிரிப்பதற்காகச் சொன்னதை அம்மா நம்புவதற்காக எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்குவதை நான் இங்கிருந்து பார்க்கிறேன். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஆ பாக் மேசையில் கரண்டியால் அடித்துக் கத்தத் தொடங்கினார். கஞ்சி நேரம் தாண்டிவிட்டது. அன்று காலையில்தான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன், அதனால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். அம்மா போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு பாப்பா அது? தொரையா?"

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "ஆமா. மலைக்கு நம்பர் போடுற பெரிய தொரை" என்றேன். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கஞ்சி எங்கே, நான் செத்த பிறகா தருவாய், இவளுக்குப் போன் பேசத்தான் என் மகள் சம்பளம் கொடுக்கிறாளா என்று அவர் தன் கண்டனீஸ் மொழியில் பொரிந்து தள்ளினார். நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன்.

"அந்த நம்பர ரத்துப் பண்ணிட்டாராம். இப்பவே எறங்கணுமாம். எறங்காட்டி இனிமே எந்த மலைக்கும் நம்பர் தரமாட்டாராம்."

அம்மா தலையில் இருந்த துணியைச் சரிசெய்தாள். எழுந்து நின்றாள். "சரிங்க தொரை" என்று ஆ பாக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ரொட்டியைக்கூட எடுக்காமல் பையைத் தூக்கினாள். கும்பிடு தனக்குத்தான் என்று புரிந்ததும் ஆ பாக் கத்துவதை நிறுத்திவிட்டு அவரும் லேசாகத் தலையை ஆட்டினார். நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து அவருக்குக் கஞ்சி வைத்தேன்.

அன்று பின்னேரம் மலை இறங்கியது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. எங்கள் காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் போயின. செல்வம் அனுப்பிய போட்டோவில் அடுப்பு இருந்த இடத்தில் சிவந்த மண், அந்த மண்ணில் பலகை நேராகச் சொருகி நிற்கிறது, நம்பர் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு இலக்கம் வந்துவிட்டது, வீடுதான் இல்லை.

அம்மா இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். தினமும் கேட்கிற முதல் கேள்வி, தொரை என்ன சொன்னாரு, லயத்துக்குத் திரும்பிப் போகலாமா என்பதுதான். மீதிக் காம்பராக்களில் சிலர் திரும்பிப் போய்விட்டார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸை உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்பாவுக்குச் சொன்னார். ஆ பாக் ரேடியோவை நிறுத்தினார். அவர் தானாக ரேடியோவை நிறுத்தி நான் பார்த்ததில்லை. போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம் ஹோ ஃபான்" என்றார். திரும்பிப் போகாதே. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"சரி, போகல. அப்ப வேற எங்க போறதுன்னு தொரைகிட்ட கேட்டுச் சொல்லு பாப்பா."

 போனை வைத்துவிட்டு ஆ பாக்கை வெயிலில் தள்ளிக்கொண்டு கீழே போனேன். நம்பர் போட்ட மலை சிமெந்துச் சட்டையோடு அதன் பாட்டுக்கு நின்றது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. போனைப் பார்த்தேன், அப்புத்தளையில் மழை என்று போட்டிருந்தது. ஒரு கையால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் குடையை விரித்தேன். இங்கே வெயிலுக்குக் குடை பிடிக்கிற பெண்கள் நிறையப் பேர், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆ பாக் மட்டும் தலையைத் தூக்கி, "லொக் யூ?" என்று கேட்டார். மழையா?

"ஹாய்" என்றேன். ஆமாம், பெய்கிறது.