தலைவர் வீட்டு வாசலில் கிரேக்க ஞானம்

ஊருக்கு நல்வாழ்வு போதிக்கும் வேலைக்கு மட்டும் முன்அனுபவம் கேட்பதில்லை; கேட்டால் ஒருவரும் தேறமாட்டார்கள். சங்கக் கூட்டங்களில் தொண்டை வறளப் பேசி, ஓர் எலுமிச்சம்பழத்தோடு வீடு திரும்பிய சக துன்பவாசிகளுக்கு இது புரியும். தத்துவத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டே நான் சனிக்கிழமை மாலைகளில் ஜோகுபாளையத்து வாசகசாலைச் சங்கத்தில் 'கிரேக்கர் கண்ட நல்வாழ்வு' பற்றிப் பேசிவந்தேன். அந்தச் சமயம் தெருவுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் சாங்ஷன் ஆகியிருந்தது. எங்கே நடுவது என்பதைச் சங்கமே சொல்லலாமாம். தெருவின் மேட்டு முனையில் சங்கத் தலைவரின் மாடிவீடு; குழாயும் அங்கேதான் என்று பேச்சு. பள்ளத்தில் வரிசை வீடுகள். அங்குள்ள பெண்கள் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

கேள்வியே ஞானம்

கேள்வியில்தான் ஞானம் தொடங்குகிறது, ஏதென்ஸ் கடைத்தெருவில் ஒரு கிழவர் பெரிய மனிதர்களை மடக்கி மடக்கிக் கேட்டார் என்று முழங்கினேன். தலைவரும் கைதட்டினார். தட்டி ஓய்வதற்குள், மில்லில் நூல் சுற்றும் செல்லம்மா அக்கா எழுந்து, குழாய் ஏன் மேட்டுக்குப் போகிறது என்று கேட்டாள். மேட்டில் வைத்தால் தண்ணீர் தானாகப் பள்ளத்துக்கு இறங்கிவிடுமே என்றார் தலைவர். தண்ணீர் சாக்கடை வழியாக இறங்கும், நாங்கள் குடத்தோடு ஏறுவோம் என்றாள் அக்கா. கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"கேக்கச் சொல்லிக் குடும்மா, வேணான்னு சொல்லல. என்னைக் கேக்கச் சொல்லிக் குடுக்காதே."

நடுவழி

எதிலும் இரு கோடிகளை விட்டு நடுவில் நிற்பதே நற்குணம் என்று அடுத்த வாரம் பேசினேன். தலைவர் உருகிவிட்டார். மறுநாளே தெருவை நாடா பிடித்து அளந்து, நடு இதுதான் என்று சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. கோடு அவர் வாசலுக்கு நேரே! மேட்டுக்கு அப்பால் மெட்ராஸ் ரோடுவரை கிடந்த காலி மனைகளையும் தெருவோடு சேர்த்து அளந்திருந்தார். செல்லம்மா அக்கா கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நடுவுல நிக்கணும்னு சொன்னீங்க. நாடாவ யார் புடிக்கிறதுன்னு சொல்லவேயில்லையே."

சொம்புக்குள் ஜனநாயகம்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏதென்ஸில் பொதுப் பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள் என்று விளக்கினேன். ஏலச்சீட்டுக்கும் குலுக்குச்சீட்டுக்கும் பழகிய தெரு, உடனே பிடித்துக்கொண்டது. குழாய்க் கமிட்டியைக் குலுக்கியே எடுப்போம் என்றார்கள். தலைவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பித்தளைச் சொம்பு வந்தது. எடுத்த சீட்டெல்லாம் ஆண்கள். எடுக்காதவற்றைக் கொட்டிப் பார்த்தேன், அவையும் ஆண்கள். சுமப்பவள் ஒருத்தி, முடிவு செய்பவன் ஒருத்தனா, இது என்ன நியாயம் என்று மூச்சுவிடாமல் வாதாடினேன். தலைவர் நிதானமாகச் சோடா குடித்து முடித்தார். என் சொற்பொழிவில், ஏதென்ஸ் பெண்களுக்கு அரசியலில் இடமில்லை என்ற கறையைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். இத்தனை வாரத்தில் அவர் மனத்தில் தங்கியது அது ஒன்றுதான்.

"அந்த ஊர்ல பொம்பளைங்க பேரைச் சொம்புல போட்டாங்களாம்மா? இல்லையில்ல? அப்ப நான் உன் பாடத்துல ஒரு எழுத்துகூட மாத்தலையே."

கடைசிப் பாடம்

குழாய் தலைவர் வாசலிலேயே முளைத்தது. தண்ணீர் விடியற்காலையில் வரும். அதற்கும் முன்பே பள்ளத்துப் பெண்கள் குடங்களோடு அவர் கேட்டண்டை வந்துவிடுவார்கள். யார் முந்தி, யார் பிந்தி என்ற வழக்கமான சண்டை போதாதென்று, மாடி ஜன்னலைப் பார்த்து என் பாடத்தையும் நடத்தினார்கள். நியாயம்னா என்ன தலைவரே? நடுன்னா எது தலைவரே? ஒருநாள் அவர் கண் சிவக்கக் கீழே வந்து, பேசாமல் பிடித்துக்கொண்டு போனால் என்ன என்று கெஞ்சினார். அதற்குச் செல்லம்மா அக்கா சொன்னது:

"அந்தக் கெழவரு கடத்தெருவுல நின்னு கேட்டாரு நைனா. எங்களுக்கு ஏது கடத்தெரு? இந்தக் கொழா நல்லிகிட்ட நிக்கிறப்பதான் கேக்க முடியும்."

அடுத்த கூட்டத்தில், குழாயைப் பள்ளத்துக்கு மாற்றும் தீர்மானத்தைத் தலைவரே கொண்டுவந்து, ஏகமனதாக நிறைவேற்றி, தம் பெருந்தன்மைக்குத் தாமே மாலையும் போட்டுக்கொண்டார்.

ஆக, கிரேக்க ஞானம் பொதுவாழ்வுக்கு உதவாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்; மேடையிலிருந்து இறக்கி, இடுப்பில் ஒரு குடத்தைக் கொடுத்து, தூங்குகிறவர் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினால் அது பிரமாதமாக வேலை செய்கிறது.