பாறைமேல் ஒரு சட்டை

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு கியர் போடத் தெரிந்தால் மட்டும் போதாது, தண்ணீர் நிறம் மாறுவதும் தெரிய வேண்டும். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பிழைக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இது புரியும்.

நல்ல குளியல்

மதுரையிலிருந்து வந்த குடும்பம். மேலே மலையில் மழை பிடித்து, அருவி செம்மண்ணாக இறங்க ஆரம்பித்தது. தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தார்கள், குடும்பத் தலைவரைத் தவிர. தண்ணீரோடு உருண்டு வந்த கல் அவர் கணுக்காலை முறித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர் கடைசியில் சொன்னார்: "இருந்தாலும் நல்ல குளியல்ப்பா."

விட்டுப்போன துணி

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நானும் சிரித்தவன்தான். அடுத்தது சிரிப்பதற்கில்லை.

ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் உடுத்திய துணியோடு முங்கிக் குளித்து, அதை அங்கேயே விட்டுவிட்டு மாற்றுத்துணியில் கிளம்புவார்கள். பாறையெல்லாம் வேட்டியும் சட்டையுமாகக் கிடக்கும். யாரும் தொடமாட்டோம்.

அந்த நாளில்தான் மார்க்கையன்கோட்டை விவசாயி ஒருவர், கல்யாணமான புதுசு, மனைவிக்கு அருவி காட்ட என் வண்டியில் வந்தார். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு அந்தப் பெண் வந்துவிட்டாள். அவரைக் காணோம். செல்போன் இல்லாத காலம். டீக்கடை, கோயில், பஸ் நிற்கும் இடம் என்று தேடி அலைந்தேன். மூன்று முறை ஒரே பாறையைத் தாண்டினேன். அதன்மேல் ஒரு நீலச் சட்டை கிடந்தது. யாரோ திதி கொடுத்தவர் விட்டது என்று நினைத்தேன். அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. நாலாவது முறை அந்தப் பெண்ணும் கூட வந்தாள். சட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். "இது அவுக சட்டைண்ணே. விட்டுப்போற துணின்னா நனைஞ்சுல்ல இருக்கும்? இது காஞ்சு கெடக்கே!"

அடுத்த ஆடி

பாறைக்கு நேர் கீழே, ஆழமான தண்ணீரில், கரையோர வேர் ஒன்றைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தார். வெகுநேரம் பிடித்திருந்திருக்க வேண்டும் என்றார்கள். அருவி இரைச்சலில் கூப்பிட்டது எவனுக்குக் கேட்கும்? ஆனால் எனக்குக் கண் இருந்தது.

மறு வருஷம் ஸ்டாண்டில் எத்தனையோ வண்டி நிற்க, அந்தப் பெண் என் வண்டியில்தான் ஏறினாள். அண்ணனுக்குத் திதி கொடுக்கக் கொழுந்தன் கூட வந்திருந்தார். அவர் தண்ணீரில் இறங்கியதும் அவருடைய மாற்றுச்சட்டையை என் கையில் கொடுத்தாள். "கையிலயே வச்சிருங்கண்ணே. கீழ கெடந்தா நீங்க தாண்டிப் போயிருவீக."

எல்லாரும் அருவியைப் பார்க்க வருகிறார்கள், நான் மட்டும் இத்தனை வருஷமாகக் கரையில் கிடக்கிற துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிகிறேன்.