எல்லோரும் நீலத்தைத்தான் சந்தேகப்பட்டோம்

மஞ்சள்தூளும் மைதாவும் ஈரமாகக் கலந்தால் ஒரு பச்சை வாசனை வரும்... உங்களுக்கெல்லாம் அது பஜ்ஜி மாவு வாசனையாக இருக்கலாம். நான் இன்றும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அம்மா அளத்தில் உப்பு வாரப் போவாள். மழைக்காலம் வந்துவிட்டால் அளம் முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது. அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

அந்த வருஷம் புயல் என்று ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள். கரண்ட் இல்லை, டிவி இல்லை. காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போல அடித்தது. நானும் இரண்டு வயதுத் தம்பி குமரனும் வெளியே ஓடிவிடக் கூடாதே என்று அம்மா ஒரு வேலை செய்தாள். பால்வாடி டீச்சர் எப்போதோ சொல்லியிருந்தாராம்... மைதாவில் உப்பு போட்டுப் பிசைந்தால் கெடாது, பிள்ளைகள் பொம்மை பண்ணி விளையாடலாம் என்று.

எங்கள் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? மூலையில் மூட்டையே இருக்கும். அம்மா அம்மியில் நுணுக்கி, மாவுக்குச் சரிக்குச் சரி போட்டாள். கொஞ்சம் எண்ணெய். ஒரு உருண்டையில் மஞ்சள்தூள், இன்னொன்றில் துணிக்குப் போடும் சொட்டு நீலம்.

என்ன ஒரு காலை அது! அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத் தரையில் சம்மணம் போட்டு எங்களோடு யானை பண்ணினாள். அது பன்றி மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். "போடி, எங்க ஊரு யான இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

குமரன் எதையும் பண்ணவில்லை. நாங்கள் பண்ணியதைத் தின்றான். யானையின் காது, வால், அப்புறம் என் லாரியின் சக்கரம்... அம்மாவுக்கும் சிரிப்புத்தான். அளத்துப் பிள்ளைகள் கல் உப்பை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டு திரிகிறவர்கள். கரிக்கிறது என்று துப்பவா போகிறான்?

மத்தியானம் வாந்தி எடுத்தான். நீலமாக.

பிறகு தண்ணீர் தண்ணீர் என்று அழுதான். குடித்ததையும் கக்கினான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. தலை அம்மா தோளில் தொங்கியது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் பாதி திறந்தான். அவன் அழுததைவிட அழாமல் கிடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தெருவிலேயே பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்காவிடம்தான் செல்போன் உண்டு, அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அம்மாவின் சத்தம் கேட்டு மழையில் ஓடி வந்தவர் குமரனின் நீல உதட்டைப் பார்த்து அம்மாவிடம் அலறினார்.

"யா அல்லா... நீலத்தத் தின்னுட்டானா? செல்வி, உப்புத் தண்ணி கரைச்சுக் குடு, எல்லாம் வெளிய வந்துடும்!"

எங்கள் பக்கம் யார் எதைத் தின்றுவிட்டாலும் முதலில் செய்வது அதுதான். அம்மா ஒரு கை உப்பை அள்ளிச் சொம்பில் போட்டுக் கலக்கினாள். அதற்குள் அக்கா, எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வரும் நர்சம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாவுல என்னென்ன போட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் நர்சம்மா.

"மைதாங்க... மஞ்சத்தூளு, எண்ண... சொட்டு நீலங்க. அதாங்க புள்ளைக்கு வெஷமாயிடுச்சு" என்று அம்மா அழுதாள்.

உப்பைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னென்ன போட்டாய் என்று கேட்டால் தண்ணீரைச் சொல்வோமா? அந்த மாதிரி.

சொம்பு குமரன் வாய்ப் பக்கம் போய்விட்டது. பெரியவர்கள் பேச்சில் குறுக்கே புகுந்தால் முதுகில் விழும். இருந்தும் சொல்லிவிட்டேன்.

"உப்பும் போட்டோம் நர்சம்மா. மாவு அளவுக்கு."

ஃபோனில் ஒரு கத்தல்.

"உப்புத் தண்ணி கிண்ணி குடுத்துடாதீங்க! நீலம் கெடக்கட்டும், உப்புதான் புள்ளையக் கொல்லும். நெனவு இருந்தா, வெறும் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கினே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க, இப்பவே!"

அம்மா கையிலிருந்து சொம்பு விழுந்தது. அவள் முகத்தை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

உப்பு ஏற்றும் மினி வேன் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது குமரனுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. "கண்ணத் தொற சாமி, அம்மாவப் பாரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். தம்பி செத்துவிட்டான் என்றே நான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டான். சில நாள் ட்ரிப்ஸ் ஏறியது, அவ்வளவுதான். இன்றைக்கு ஆறடி உயரத்தில் நிற்கிறான். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் இதைச் சொன்னால், "யக்கா, பில்டப் குடுக்காத" என்று சிரிப்பான்.

போன வாரம் இங்கே சென்னையிலும் மழைக்கு லீவு. என் மகள் கடையில் வாங்கிய க்ளே டப்பாக்களைத் திறந்து உட்கார்ந்தாள். அட்டையில் இருப்பதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அப்படியும் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். "ஆயா, நீயும் ஏதாச்சும் பண்ணு" என்று மகள் ஒரு உருண்டையை நீட்டினாள்.

அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா."

வரும். எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அம்மா எங்களோடு தரையில் உட்கார்ந்து விளையாடியதே இல்லை. தம்பி கிடைத்தான், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்... இருந்தாலும் அந்தக் காலை மட்டும், மத்தியானம் இல்லாமல், ஒரே ஒருமுறை திரும்ப வந்தால் தேவலை என்று இருக்கிறது.