ஓ.கே. போட்ட டிக்கெட்டு

எங்க ஊர்ல சர்ச் அசனத்துக்கு இல்லாம ஒரு ஆளு வெளியூரு போயிட்டா அது பெரிய குத்தம். திருச்சுழிப் பக்கம் சின்ன ஊரு. அசனத்தன்னைக்கு ஊரே தரையில உக்காந்து ஒரே பந்தியாச் சாப்பிடும். மதுரை, தூத்துக்குடின்னு எங்க பொழைக்கப் போன சனமும் வந்து சேந்துரும். எனக்கு வளைகுடாவுல நர்ஸ் வேலைக்கு விசா வந்தப்ப அம்மா ஒரே பிடியா நின்னுட்டா. அசனச் சோறு சாப்பிட்டுத்தான் நான் போகணுமாம். விசாவுலயோ, இந்தத் தேதிக்குள்ள அந்த நாட்டுல வந்து இறங்கலைன்னா செல்லாதுன்னு போட்டிருக்கு. பாத்துப் பாத்து, அந்தக் கடைசித் தேதிக்கே டிக்கெட்டு எடுத்தோம். எங்களை விட்டா வேற எவனாவது இப்படிச் செய்வானா?

தொண்ணூறு பிறந்த புதுசு அது. மெட்ராஸ்ல இண்டர்வியூ முடிச்சு, வரும் வராதுன்னு காத்துக் கிடந்து கிடைச்ச வேலை. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல, அவ்வளவு சந்தோசம். வெள்ளனா வேன் பிடிச்சோம். வேனுக்குள்ள பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு ஆளுகன்னு தெருவே ஏறிருச்சு. திருவனந்தபுரம் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரே பாட்டும் சிரிப்பும் புளிச்சோறுந்தான். நான் இப்பவே மேகத்துக்குள்ள பறக்குற மாதிரி வாயெல்லாம் பல்லா உக்காந்திருந்தேன்.

ஏர்போர்ட்டு வாசல்ல எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு ஜெபம் பண்ணுனாக. ஒருத்தர் முடிச்சா அடுத்தவுக ஆரம்பிக்கிறாக. நான் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒருவழியா ஆமென் சொல்லிட்டு நானும், பார்வையாளர் சீட்டு வாங்கிக்கிட்டு அப்பாவும் உள்ள ஓடுனோம். கவுண்டர் அடைக்க இன்னும் நேரம் கிடந்துச்சு. வரிசையில நாந்தான் கடைசி.

கவுண்டர்ல இருந்த அதிகாரி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பிளைட்டு நிறைஞ்சு போச்சு, ஞாயித்துக்கிழமை வாங்கன்னாரு. டிக்கெட்டுல சீட்டு உறுதின்னு ஓ.கே. போட்டிருக்கே சார்னு காட்டுனேன். போட்டிருக்குத்தான், ஆனா டிக்கெட்டு எடுத்தவுக எல்லாரும் வர மாட்டாகன்னு சீட்டுக்கு மேல கொஞ்சம் கூடுதலா விக்கிறது வழக்கம், இன்னைக்குப் பாத்து எல்லாரும் வந்துட்டாகன்னு ரொம்ப நிதானமாச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை என் விசா வெறும் காகிதம்னு சொன்னேன். வருத்தமா இருக்குன்னாரு.

அப்பா வாசலுக்கு ஓடி அம்மாகிட்ட விசயத்தைச் சொல்லியிருக்காரு. திரும்பி வந்தவரு நேரா அந்த அதிகாரிகிட்ட, எம்மக ஒரு ஓரமா நின்னுக்கிட்டே வந்துருவா, காரியாபட்டி பஸ்ஸுல மதுரைக்கு நின்னுக்கிட்டுத்தான் படிக்கப் போனா, பழக்கந்தான்னாரு. அம்மா சொல்லி அனுப்புன யோசனை. அந்த ஆளு சிரிச்சாரு பாருங்க, எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சோ தெரியல.

டிக்கெட்டுப் புத்தகத்தைப் பிடுங்கி, பின்னால பொடி எழுத்துல இங்கிலீசுல என்னதான் போட்டிருக்குன்னு படிக்க ஆரம்பிச்சேன். மருந்துச் சீட்டையே படிக்கிறவளுக்கு அது என்ன பெரிய எழுத்தா? விமானத்துல இடத்துக்கு மேல டிக்கெட்டு வித்திருந்தா, யாரையும் நிறுத்துறதுக்கு முன்னாடி, தானா சீட்டு விட்டுக் குடுக்குறவுக இருக்காகளான்னு முதல்ல கேக்கணும்னு போட்டிருந்துச்சு. வெரல வச்சுக் காட்டுனேன். அவரு அசரல.

"அது அமெரிக்காவுக்கும்மா. இங்க இல்ல."

"அப்ப திருச்சுழிக்காரி டிக்கெட்டுல அதை எதுக்கு அச்சடிச்சீங்க?"

வரிசையா நின்ன மத்த கவுண்டர்க்காரங்களும் திரும்பிப் பாத்தாங்க. அந்தாளு காது செவந்து போச்சு. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க, யாரு குடுப்பான்னாரு.

அந்தச் சொல்லு போதும் எங்கப்பாவுக்கு. அவரு மிளகாயும் பருத்தியும் போடுற சம்சாரி. பஸ்ஸுல கைப்பிள்ளைக்காரி யாராச்சும் ஏறுனா, அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் போய் ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டு இடம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் அவரு உக்காருவாரு. எங்களுக்கே வெக்கமா இருக்கும். இங்கயும் அதே வேலையை ஆரம்பிச்சுட்டாரு. போர்டிங் கார்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவுக ஒருத்தர் விடல. அவசரமில்லாதவுக யாராச்சும் இருக்கீகளாய்யா, புள்ளைக்கு இன்னைக்கே போகணும், உங்களுக்கு ஓட்டல்ல ரூமும் சாப்பாடும் பிளைட்டுக் கம்பெனிக்காரவுக குடுப்பாகன்னு கும்பிட்டுக் கும்பிட்டுக் கேக்குறாரு. ஓட்டல் குடுப்பாகன்னு அவருக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. நான் மானம் போகுதேன்னு தலையைக் குனிஞ்சாலும், காதை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி வச்சிருந்தேன்.

கடைசி பெஞ்சுல ஒரு தம்பி கண்ணாடிக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வெளிய அவரு சம்சாரம், நிறைமாசம், தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. லீவு முடிஞ்சு திரும்பிப் போறவரு. பிள்ளை பிறக்குற நேரத்துல இருக்க முடியலையேன்னு அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்துச்சு. அப்பா கேட்டு முடிக்கல, அந்தத் தம்பி எந்திரிச்சுட்டாரு. அவரு விசாவுக்கு இன்னும் நாள் இருந்துச்சு. பிளைட்டு நிறைஞ்சதாலதான் வரலைன்னு பிளைட்டுக் கம்பெனியே அங்க இருக்குற முதலாளிக்குத் தந்தி மாதிரி ஒரு டெலக்ஸ் குடுத்தாப் போதும்னாரு. எனக்கு அவரு கால்ல விழணும்போல இருந்துச்சு.

அதிகாரி அவரு பேரை அடிச்சுட்டு எனக்கு போர்டிங் கார்டு எழுதுனாரு. டெலக்ஸ் அனுப்புறோம், ஞாயித்துக்கிழமை சீட்டு உறுதி, அதுவரைக்கும் ஓட்டல்ல தங்கிக்கலாம்னு அந்தத் தம்பிகிட்டச் சொன்னாரு. எல்லாம் முடிஞ்சதுன்னு நான் கையை நீட்டுனேன். ஓட்டல் ரூமு ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கான்னு அப்பா குறுக்க கேட்டாரு. பயணிக்கு மட்டுந்தான்னாரு அதிகாரி.

"புருசனை விட்டுட்டு நிறைமாசக்காரி எங்க போவா? ரெண்டு ஆளுக்கு எழுதுங்க. இல்லன்னா எம்மக இந்தச் சீட்டுல ஏற மாட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அட பாவி மனுசா, கைக்கு வந்ததைக் கெடுக்குறியேன்னு நெஞ்சு அடிச்சுக்குது. கடைசி அழைப்புன்னு மைக்கில வேற சொல்றான். அந்தத் தம்பி, வேண்டாம் ஐயா, நாங்க பாத்துக்கிறோம்னு அப்பா கையைப் பிடிக்கிறாரு. அப்பா அசையல. என் முகத்தைக்கூடப் பாக்கல, நான் என்ன சொல்லுவேன்னு தெரிஞ்ச மாதிரி நின்னாரு.

"ஆமா சார், ஏற மாட்டேன்"னுட்டேன்.

அதிகாரி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் ரூம் சீட்டை இழுத்து, ஒண்ணை அடிச்சுட்டு ரெண்டுன்னு எழுதுனாரு. நான் கார்டைப் பறிச்சுக்கிட்டு ஓடுனேன். போயிட்டு வாரேன்னு அப்பாகிட்டச் சொல்லக்கூட இல்ல. "ஓடு தாயி, ஓடு"ன்னு அவரு கத்துனது மட்டும் பின்னால கேட்டுச்சு.