பதினான்கு சதவீதத்தில் அணைந்த போன்

என் பையில் பவர் பேங்க் இருந்தது. சவரிராஜ் கேட்டபோது இல்லை என்று சொன்னேன்.

மறந்துபோய்ச் சொல்லவில்லை. அவன் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவனுடைய பழைய போன் எத்தனை சதவீதத்தில் அணைகிறது என்று பார்க்க விரும்பினேன். அவ்வளவுதான்... இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் உங்களிடம் சொல்வது இத்தனை கூச்சமாக இருக்காது.

நான் குறித்து வைக்கிறவன். பெரம்பலூரில் விவசாயக் கருவிகள் விற்கும் கடையில் சரக்குப் பொறுப்பாளர் வேலை, வீடு அரியலூரில். ஆனால் என் உண்மையான வேலை நோட்டுகளில் நடக்கிறது. மழை பெய்த நாள், எங்கள் தெருவில் வேம்பு பூத்த நாள், காலை எட்டேகால் பேருந்து உண்மையில் கிளம்பிய நேரம் எல்லாம் இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கின்றன. துறைமுகத்துக்குக் கப்பல் வந்த நாளை யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு எழுதி வைத்ததால்தானே அந்தக் காலத்தை நாம் அறிகிறோம்? கைபேசியில் சார்ஜ் நின்ற நேரத்தையும் ஒருவர் எழுதி வைக்கட்டுமே என்று தொடங்கினேன்.

முதலில் என் போன். பிறகு மனைவியுடையது. கடையில் வேலை செய்யும் மூவருடையது. காலையில் எத்தனை, மாலையில் எத்தனை, எந்த எண்ணில் அணைந்தது. ஒரு பேட்டரி தன் முதல் ஆண்டில் எப்படி இருக்கும் என்பது கம்பெனிக்காரர்களுக்கே தெரியும். ஐந்தாம் ஆண்டில், ஆறாம் ஆண்டில் அது எப்படிச் சாகிறது? அதை யாரும் எழுதுவதில்லை. எழுதும் வரை யாரும் போனை வைத்திருப்பதும் இல்லை.

சவரிராஜ் வைத்திருந்தான்.

அவன் என் கடைக்கு எதிரே உள்ள தனியார் பள்ளியில் அலுவலக உதவியாளர். என்னைவிட ஒன்பது வயது இளையவன். தினமும் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவோம். அவனிடம் இருந்தது ஆறு ஆண்டுப் பழைய போன். திரையின் மூலையில் விரிசல். சார்ஜர் போடும் இடத்தில் பழைய வகைப் பின். முதல்முறை கையில் வாங்கியபோது அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பானையைத் தொட்டதுபோல் இருந்தது எனக்கு.

காலையில் பேருந்து ஏறியதும் போனை என்னிடம் நீட்டுவான். நான் எண்ணைக் குறிப்பேன். கண்டக்டருக்கு இது வேடிக்கை.

"என்ன டாக்டரே, பேஷண்டு எப்படி இருக்காரு?"

"எழுபத்தி ஒன்னு."

"காலையிலயேவா? ஐ.சி.யூ. கேஸுங்க இது. சவரி, வூட்ல சொல்லி வச்சிருப்பா."

சவரி சிரிப்பான். ஆனால் அவனுக்கும் அலுத்துவிட்டது. ஒருநாள் மாலை சொன்னான்: "அண்ணே, பழைய பஸ் ஸ்டாண்டு கடையில பேட்டரி மாத்தித் தரேங்கிறான். பதினஞ்சு நிமிஷ வேலையாம். மாத்திடவா?"

என் முதல் குற்றம் இங்கே தொடங்குகிறது. பவர் பேங்க் இரண்டாவது.

"மாத்தாதப்பா," என்றேன். "புது மாடல் வரப்போவுது. பேட்டரி ரெண்டு நாள் நிக்குமாம். இதுல போய்ச் செலவு பண்ணாத. பொறு."

புது மாடல் வரப்போவது உண்மை. அதைப் பற்றி வந்த எல்லா வதந்திகளையும் நான் படித்திருந்தேன். புதுவகை வேதிப்பொருளில் செய்த பேட்டரி, அதே பருமனில் கூடுதல் கொள்ளளவு, அரை மணியில் முழு சார்ஜ்... நிலாவுக்கு ஆள் அனுப்பும் செய்தியைப் படிப்பதுபோல் ஆவலாகப் படித்தேன். ஆனால் சவரியைப் பொறுக்கச் சொன்னதற்கு அது காரணமில்லை. அவன் பேட்டரியை மாற்றினால் என் நோட்டில் ஆறாம் ஆண்டு பாதியில் நின்றுவிடும்.

அவன் பொறுத்தான். புது மாடல் தள்ளிப்போனது. "எப்பண்ணே வருது?" என்று கேட்பான். "அடுத்த மாசம்" என்பேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன்.

இன்னொன்றும் செய்தேன். பள்ளியில் மதியம் சார்ஜ் போட்டால் என் கணக்கு குழம்பும். "நடுவுல நடுவுல போடக்கூடாது சவரி, பேட்டரி கெட்டுடும். சாயங்காலம் வூட்ல ஒரு தடவை போடு, போதும்" என்றேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அவன் அப்படியே கேட்டான். நான் படித்தவன் என்று நம்பினான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை. பெரம்பலூரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை.

சவரியின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்லூரிக் கலந்தாய்வில் திருச்சியில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதை ஏற்கிறோம் என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். வீட்டில் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கடைசி நாளில் முடிவெடுத்திருந்தார்கள். திருச்சி என்றால் அரியலூரில் காலை ரயில் ஏறி மாலை வீடு திரும்பிவிடலாம். அது அவர்களுக்கு முக்கியம். சவரியின் மனைவி மேரிக்குச் சர்க்கரை நோய்; பார்வை மங்கிவிட்டது. காலையும் மாலையும் அளவு பார்த்து இன்சுலின் ஊசி போடுவது ஸ்டெல்லாதான்.

அவள் அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தாள். உறுதிசெய்யும் ஓ.டி.பி. எண் அப்பாவின் போனுக்குத்தான் வரும். காலையில் பக்கம் திறக்கவில்லை. மதியமும் இல்லை. மூன்று மணிக்கு சவரி அனுமதி கேட்டுக் கிளம்பினான். கடை வாசலில் நின்று என்னிடம் போனைக் காட்டினான்.

"முப்பத்தி ஒன்னுதாண்ணே இருக்கு. ஸ்கூல்ல கரண்டும் இல்ல. நான் வூட்டுக்கே போயிடுறேன்."

முப்பத்தொன்று. சாயங்காலம் அவன் போனை எப்போதும் வீட்டுக்குப் போய் சார்ஜில் போட்டுவிடுவான். அது தானாக அணைவதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இன்று பார்க்கலாம்!

நானும் முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "துணைக்கு வரேன்ப்பா" என்று சவரியிடம் சொன்னேன். அவன் நெகிழ்ந்துபோனான்.

மூன்று இருபத்தைந்துக்குப் பேருந்து கிளம்பியது. வழக்கமாக ஐம்பது நிமிடம். என் அட்டவணைப்படி போன் அரியலூர் வரை தாங்கும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படி நினைத்தேனா? இல்லை, அணைந்தால் நல்லது என்று நினைத்தேனா? பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். நோட்டில் எண்கள் இருக்கின்றன; என்ன நினைத்தேன் என்பது இல்லை.

பேரளிக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையின் குறுக்கே நின்றது. முன்னும் பின்னும் வண்டிகள். எங்கள் பேருந்து என்ஜினை அணைத்துவிட்டது. சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரைந்தது. இருபத்தாறு... இருபத்திரண்டு...

அப்போதுதான் கேட்டான்.

"அண்ணே, பவர் பேங்க் எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்குக் கீழே இருந்தது. பழைய பின் உள்ள வயரோடு. அந்த வயரை அவன் போனுக்காகவே ஒரு சோதனைக்கு வாங்கியிருந்தேன்.

"இல்லப்பா."

நாலு பன்னிரண்டுக்கு ஸ்டெல்லா சென்டர்காரர் போனிலிருந்து கூப்பிட்டாள். குரல் எனக்கும் கேட்டது. "அப்பா, தொறந்துடுச்சு. நம்பர் வரும், பாத்துச் சொல்லுங்க." வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னாள். சவரி போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். எழுந்து படிக்கட்டுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன். அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தேன். செய்தி வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். பதினைந்து. பதினான்கு.

கறுத்துவிட்டது.

நாலு இருபத்தொன்று. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதினேன்: 14. ஒரு பேட்டரி பதினான்கு இருப்பதாகச் சொல்லிக்கொண்டே சாகிறது! எத்தனை அரிய தகவல்... அந்தக் கணத்தில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இதை எழுதத் தொடங்கினேன். மகிழ்ச்சியாக இருந்தது.

பிறகு சவரியின் முகத்தைப் பார்த்தேன்.

அவன் ஒவ்வொரு இருக்கையாகப் போய்க் கேட்டான். "பவர் பேங்க் இருக்குங்களா? பழைய பின்னு. யாராச்சும் வச்சிருக்கீங்களா?" கல்லூரி மாணவி ஒருத்தியிடம் பவர் பேங்க் இருந்தது, வயர் பொருந்தவில்லை. ஒரு பெரியவர், "எனக்கு பட்டன் போன்தான் தம்பி. நாலு நாளு நிக்கும்" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் இருக்கைக்குத் திரும்பியிருந்தேன். என் பை என் மடியில் இருந்தது. இப்போதாவது எடுத்திருக்கலாம். ஐந்து மணிக்கு இன்னும் முப்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்ட பொருளை எப்படி எடுப்பது? "இப்பதான் பாத்தேன், அடியில கெடந்துச்சு" என்று ஒரு வாக்கியம் போதும். அவன் நம்பியிருப்பான். அதைக்கூட நான் சொல்லவில்லை. பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, லாரியை எப்போது நகர்த்துவார்கள் என்று டிரைவரிடம் கேட்டேன்.

அரியலூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது ஐந்து பத்து.

ஸ்டெல்லா சென்டர் வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. "பரவால்லப்பா, அடுத்த ரவுண்டு இருக்கு" என்றாள். அடுத்த சுற்றில் திருநெல்வேலிப் பக்கம் கிடைத்தது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

மறுநாள் சவரி பேட்டரி மாற்றப் போனான். நானும் உடன் போனேன். கடைக்காரர் பழைய பேட்டரியைக் கையில் வைத்துப் பார்த்தார், நடுவில் உப்பியிருந்தது. "இதைப் போன வருஷமே மாத்திருக்கலாமேங்க. வெடிக்காம இருந்துச்சே," என்றார்.

"அண்ணன்தான் புது மாடல் வருதுன்னாரு," என்றான் சவரி. குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு வரவேண்டிய பெருமையை எனக்குக் கொடுப்பவன்போல் சொன்னான்.

இப்போது மேரிக்கு ஊசி போடுவது சவரி. அதற்காக எட்டேகால் பேருந்தை விட்டுவிட்டு ஒன்பது மணிப் பேருந்தில் போகிறான். பள்ளியில் தினமும் திட்டு வாங்குகிறான். கை நடுங்குகிறது என்றான். தொடக்கத்தில் ஒருநாள் அளவு கூடிப்போய் மேரி மயங்கி விழுந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்களாம். இதை அவன் என்னிடம் சொன்ன நாள், நேரம் எல்லாம் நினைவில் இருக்கிறது. நோட்டில் இல்லை.

புது மாடல் ஒருவழியாக வந்தது. வந்த வாரமே வாங்கினேன். பெட்டியைப் பிரிக்காமல் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன், கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு என்று சொல்லி. மேரி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவங்க கூட செய்ய மாட்டாங்கண்ணா" என்றாள். நான் எதற்காகக் கொடுத்தேன்? பரிகாரமா? அல்லது அந்தப் பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி வேண்டியிருந்ததா? இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள். பழம் வாங்கிக்கொண்டு போனேன். சவரி உள்ளே மேரிக்கு ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தான். கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனவன், உட்கார்ந்ததும் கேட்டேன்.

"சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குதும்மா?"

"ரெண்டு நாள் தாராளமா வருது பெரியப்பா. ஹாஸ்டல்ல எல்லாரும் என்னுதுலதான் வீட்டுக்குப் பேசுவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பெரியப்பா, ஒன்னு கேக்கலாமா? அன்னிக்கு பஸ்ல உங்க போன் வேலை செஞ்சுதுல்ல?"

"செஞ்சுதும்மா."

"அப்பா சிம்ம கழட்டி உங்க போன்ல போட்டிருந்தா நம்பர் வந்திருக்கும். ஒரு ஊக்கு இருந்தா போதும். ஹாஸ்டல்ல ஒருத்தி அப்படித்தான் பண்ணா, அப்பதான் எனக்கே தோணுச்சு. அப்பாவுக்குத் தெரியாது, சரி. உங்களுக்கு போன் பத்தி எல்லாம் தெரியுமே... அன்னிக்குத் தோணலையா?"

குற்றம்சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் மட்டுமே. அந்தக் குரலை நான் அறிவேன்.

சத்தியமாக, தோன்றியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முப்பது நிமிடங்களில் டிரைவர் எத்தனை முறை இருமினார் என்பதுகூட நினைவிருக்கிறது. இது மட்டும் இல்லை. தோன்றி, அதையும் பையோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேனா?

"ஞாபகம் இல்லம்மா."

"உங்களுக்கா?" என்றாள்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதை அவள் நம்பவில்லை. பவர் பேங்க் என்ற சொல் தொண்டை வரை வந்தது. உள்ளேயிருந்து சவரி, "ஸ்டெல்லா, பெரியப்பாவுக்கு டீ ஆறிடப்போவுது, எடுத்துக் குடு" என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து மே மாதம் வருவாள் என்று வாசல் வரை வந்த சவரி சொன்னான்.

எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை.