மாப்பிள்ளைக்காகக் குளிர்ந்த மச்சு

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஹனீஃபாவைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: சூடு என்றாலே ஆகாத மனுஷன். முசிறியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் காயைப் பழுக்க வைக்கும் குளிர் அறைகளுக்குச் சுவரும் கூரையும் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக அதேதான். அறைக்குள் பதினெட்டு டிகிரி என்றால் பதினெட்டு. பத்தொன்பது ஆகிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கதவு இடுக்கில் கையை வைத்தே சூடு எங்கே நுழைகிறது என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு மச்சில்தான் அவருடைய தங்கை மஜீதா ஒன்பது கோடையாக வெந்துகொண்டிருந்தாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், அவருடைய அத்தா காலத்து வீடு. கீழே கூடமும் ஏசி போட்ட ஒரு படுக்கையறையும். மேலே, சாமான் போட்டு வைப்பதற்கென்று கட்டிய மச்சு. அதன் தலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மஜீதாவின் கணவர் காஜா மைதீன் பாலக்கரையில் தையல் கடை வைத்திருந்தவர். அவர் மவுத்தாகி, விதவை வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாத இத்தா முடிந்ததும், பிள்ளையில்லாத தங்கையை ஹனீஃபா கையோடு அழைத்து வந்தார். தெருவே மெச்சியது. அந்த மெச்சலில் மனம் குளிர்ந்துபோனவருக்கு, தங்கையை எங்கே படுக்க வைத்தோம் என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் மகள் தஸ்லிமாவின் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை ஆசாத்துக்குக் கத்தாரில் வேலை. பக்ரீதுக்கு லீவில் வருகிறார். முதல் வரவு, மாமனார் வீட்டில் பத்து நாளாவது தங்கி விருந்து சாப்பிட்டால்தான் இரண்டு குடும்பத்துக்கும் மரியாதை.

"மாப்பிள்ளைக்குத் தனி ரூம் வேணுங்க. மச்சைச் சரி பண்ணுங்க. மஜீதா கூடத்துல படுத்துக்கட்டும்," என்றாள் மனைவி சாரா பீவி.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஹனீஃபா டேப்பும் தெர்மாமீட்டருமாக மச்சு ஏறினார். நாற்பத்து மூன்று காட்டியது. ஐந்தே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் நின்ற தங்கையைக் கவனிக்காமல் தனக்குத்தானே கணக்குப் போட்டார்.

"தெர்மாகோலை எலி தின்னுடும். கூரை மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு, அடியில வெள்ளி ஷீட்டு ஒட்டிட்டா போதும்."

"கூரைக்கு மட்டும் பண்ணினா பத்தாதுண்ணே," என்றாள் மஜீதா.

"ஏன்?"

"கூரைச் சூடு பொழுது சாய்ஞ்சு மஃரிபோட அடங்கிடும். அதுக்கப்புறம் இந்தச் சுவருதான். எதிர்ல மலை இருக்குல்ல, பகலெல்லாம் காய்ஞ்சு சூட்டை இந்தப் பக்கம் தள்ளும். விடியக்காலை சுபுஹுக்குத்தான் கொஞ்சம் ஆறும்."

தொழிலில் கரை கண்டவருக்கு அது தோன்றவே இல்லை. அந்தச் சுவரோரம் புரண்டு படுத்தவளுக்குத் தெரிந்திருந்தது.

சுவரைத் தொட்டுப் பார்க்கலாமென்று அதை மறைத்திருந்த பழைய சேலையை விலக்கினார். பின்னால் தரையிலிருந்து தலை உயரத்துக்கு வாழைப்பழ அட்டைப்பெட்டிகள். பிரித்துத் தட்டையாக்கி, இரண்டடுக்காகச் சணலால் கட்டி நிறுத்தியிருந்தாள். எல்லாம் அவரே மண்டிகளிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. சித்திரை பிறந்தால், "அண்ணே, நாலஞ்சு அட்டைப்பெட்டி கொண்டாங்க" என்பாள். துணிமணி வைக்கக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவரும் கொண்டுவருவார். எதற்கென்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஹனீஃபாவுக்கு முகத்தில் அறை வாங்கியது போலிருந்தது. மார்க்கெட்டில் காய்க்குச் செய்கிற வேலையை, வீட்டில் இவள் அட்டையை வைத்துத் தனக்குத்தானே செய்துகொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னத்தச் சொல்றது? நீங்க இடம் குடுத்ததே பெருசு."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளி ஷீட்டெல்லாம் வேண்டாமென்று முடிவு செய்தார். இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பேனல், குளிர் அறைக்குப் போடுகிற அதே பேனல், கூரைக்கு அடியில் முழுக்க; மலையைப் பார்த்த சுவருக்கும் அதுவே. கூரைமேல் வெள்ளைப் பெயிண்ட். சூடான காற்று வெளியேற உச்சியில் இரண்டு துளை. ஐந்து நாள் மார்க்கெட் பக்கமே போகாமல் தன் கையாலேயே செய்தார்.

"பத்து நாள் படுக்குற மாப்பிள்ளைக்கு இவ்வளவு எதுக்குங்க?" என்றாள் சாரா பீவி.

"மாப்பிள்ளையும் தஸ்லிமாவும் கீழே நம்ம ரூம்ல இருக்கட்டும். நாம கூடத்துல படுத்துக்குவோம்."

"அப்ப மஜீதா?"

"அவ ரூம்ல அவ."

சாரா பீவி அவரை ஒரு கணம் பார்த்தாள். "இது நமக்கு மொதல்லயே தோணியிருக்கணும்," என்றாள். தப்பு இருவருடையதும் என்றுதான் சொன்னாள். ஆனால் ஹனீஃபாவுக்கு அதில் பாதியை அவள்மேல் போட மனசு வரவில்லை.

வேலை முடிந்த அன்று மூன்று மணிக்குத் தெர்மாமீட்டர் முப்பத்தாறு காட்டியது. தங்கையைக் கூப்பிட்டார். மஜீதா மலைப்பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"மாப்பிள்ளை வர்ற வரைக்கும் நான் இங்க படுத்துக்கட்டுமாண்ணே? அழுக்குப் பண்ணாம வச்சுக்கறேன்."

"மாப்பிள்ளை கீழ இருப்பாரு. இது உன் ரூம்தாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப எதுக்குண்ணே இவ்வளவு பண்ணினீங்க?"

'உனக்காகத்தான்' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நம்பிவிடுவாள். சந்தோஷத்தில் அழக்கூடச் செய்வாள்.

ஹனீஃபா தரையைப் பார்த்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்காகத்தான் ஆரம்பிச்சேன்," என்றார்.

"தெரியும்ணே," என்று சொல்லிவிட்டு மஜீதா பாயை எடுத்துவரக் கீழே இறங்கினாள்.