மான்ட்ரியலில் ஒரு காலித் தட்டு

டிசம்பர் 24, காலை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்கு உள்ளே உறைந்தது. திருச்சிக்காரிக்கு இந்தக் குளிர் ஒரு தண்டனைதான். நகருக்குள் போகும் 747 பஸ்ஸில் பதினொரு டாலர் சொச்சம் பிடுங்கிக்கொண்டார்கள். அதே சீட்டில் நாள் முழுக்க மெட்ரோவிலும் போகலாம் என்றதால் மனசு கொஞ்சம் ஆறியது. நீல வழித்தடத்தின் கடைசி நிலையமான செயின்ட்-மிஷேலில் இறங்கினேன். ரஜனியிடமிருந்து செய்தி வந்திருந்தது. "தம்பியின்ர பேரை உன்ர போன்ல ஒரு இடத்திலயும் எழுதாதே." எனக்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

ரஜனி யாழ்ப்பாணத்துக்காரி. போர்க் காலத்தில் திருச்சிக்கு வந்து என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது மான்ட்ரியலின் செயின்ட்-லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஒரே தம்பி, கட்டடப் பொறியாளர். அவர் வேலை பார்க்கும் நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அங்கே மக்கள் தெருவில் இறங்கியதும் அரசு இணையத்தையும் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்புகளையும் மொத்தமாக அணைத்துவிட்டது. அன்றிலிருந்து தம்பியிடமிருந்து ஒரு சொல் இல்லை.

"உயிரோட இருக்கிறானோ எண்டு தெரிஞ்சால் காணும். வேற ஒண்டும் வேண்டாம்," என்றாள், எனக்குத் தேநீர் ஊற்றியபடி. கோப்பை நிரம்பி வழிந்ததை அவள் பார்க்கவில்லை.

பிற்பகல் மூன்று மணி. நகர மையத்தில் ஒரு சதுக்கத்துக்குப் போனோம். இணையத்தைத் திறந்துவிடச் சொல்லும் போராட்டம். நான் கோஷத்தையும் மைக்கையும் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அங்கே நூற்றுக்கணக்கான பேர் பனியில் வாய்திறக்காமல் நின்றார்கள். கண் மட்டும் தெரியும்படி எல்லாரும் கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தார்கள். பாதி குளிருக்காக, பாதி கேமராவுக்காக. ரஜனி தம்பியின் படத்தைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள், வெளியே எடுக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்தான்.

"ஆரெண்டு தெரியாது. ஒவ்வொரு முறையும் வாறான்," என்றாள்.

முன்னால் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினாள். எல்லாரும் அந்த நாட்டிலுள்ள தங்கள் வீட்டு எண்ணை அழைத்து, ஒலியைக் கூட்டி, கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று பதிவு செய்த ஒரு பெண் குரல் சொன்னது. ஒரு கையிலிருந்து முடிந்ததும் இன்னொரு கையிலிருந்து, பிறகு பின்னாலிருந்து, அதே குரல், அதே நிதானம். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி கிணுகிணுத்தது. திருச்சியில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த என் கணவர், "சாப்டியா?" என்று கேட்டிருந்தார். சுற்றியிருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. வெட்கமாக இருந்தது.

நாலரைக்கே இருட்டிவிட்டது. ரஜனி வீட்டின் மேல்தளத்தில் வீட்டுக்கார அம்மாள் டனூட்டா இருக்கிறார். போலந்துக்காரர், எழுபது தாண்டியவர், தனியாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு எங்களை அழைத்திருந்தார். வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் பனி உறைந்து வழுக்கியது. கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டுமாம். வானமெல்லாம் மேகம். டனூட்டா ஜன்னல் வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, தூரத்துக் கைப்பேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைக் காட்டி, இன்றைக்கு அது போதும் என்றார்.

அவர் பிரெஞ்சில் சொல்ல, ரஜனி எனக்குச் சொன்னாள். மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல். கையில் அப்பளம்போல் மெல்லிய வெள்ளை அப்பம். என்னுடையதில் நீ ஒடிக்க வேண்டும், உன்னுடையதில் நான் ஒடிக்க வேண்டும், ஒடிக்கும்போது வாழ்த்த வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு துண்டைத் தபாலில் அனுப்புவார்களாம். எனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பரிசு. கொடுப்பதில் அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் ரஜனி மேஜையின் மறுகோடியைப் பார்த்தாள். ஆளில்லாத நாற்காலி, அதன் முன் ஒரு தட்டு. எங்கள் கோட்டுகளை மாட்டும்போது கீழே விழுந்த தம்பியின் படத்தை டனூட்டா அங்கே சாய்த்து நிறுத்தி, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்.

"என்னது இது! உயிரோட இருக்கிறவனுக்குப் படையலோ?" ரஜனி தமிழில் கத்தினாள். அவள் எழுந்த வேகத்தில் அவளுடைய நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

படம், விளக்கு, தட்டு மூன்றும் சேர்ந்தால் நமக்கு என்ன அர்த்தம் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். டனூட்டாவின் முகம் வெளுத்துவிட்டது. மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலில் வைத்தார். தன் இளம் வயதில் ராணுவச் சட்டம் வந்த குளிர்காலத்தில் ஊரில் எல்லாத் தொலைபேசிகளும் ஒரே இரவில் செத்தன என்றார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜன்னல்களில் இப்படித்தான் விளக்கு வைத்தார்களாம். தொலைபேசிக்கு உயிர் வந்தபோது, பேச்சின் நடுவே ஒரு குரல், உரையாடல் கண்காணிக்கப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

"அந்தத் தட்டு ஆருக்கு எண்டு கேட்கிறன்," என்று ரஜனி விடவில்லை. பிரெஞ்சிலும் கேட்டாள்.

வழியில் இருப்பவர்களுக்கு, என்றார் டனூட்டா. பிறகு, போய்விட்டவர்களுக்கும் என்றார். யாருக்கு என்று அவர்கள் ஊரில் கேட்பதில்லையாம்.

ரஜனி படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். தட்டில் எதையும் பரிமாறிவிடக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீட்ரூட் ரசம் ஆறியது.

அவள் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ஒலியைக் கூட்டினாள்.

"சிஸ்டர். ஐ ஆம் வெல். எவ்ரிதிங் இஸ் பீஸ்ஃபுல் ஹியர்."

"தம்பி! எங்கையடா இருக்கிறாய்?"

"ப்ளீஸ், சிஸ்டர். இங்கிலீஷ்."

பிறந்ததிலிருந்து அந்த இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதில்லை. ரஜனி பள்ளிக்கூடப் பிள்ளைபோல், "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டாள்.

"யெஸ், சிஸ்டர்." இணைப்பு அறுந்தது.

தம்பிக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூச்சு விட்டது கேட்டதாக ரஜனி சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. டனூட்டா மட்டும் தலையாட்டினார். இணைப்பு போன பிறகும் அவர் தன் உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"உயிரோடதான் இருக்கிறான்," என்றாள் ரஜனி. "ஆனா அது அவன்ர பேச்சு இல்லை. ஆரோ கதைக்க வைக்கினம்."

டிசம்பர் 28. நான் கிளம்பும்போது ரஜனியின் சமையலறை மேஜையிலும் ஒரு தட்டு இருந்தது. தினமும் கழுவித் துடைத்து வைக்கிறாள். ஒன்றும் பரிமாறுவதில்லை.

திருச்சிக்குத் திரும்பி, புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு ஓர் இலை கூடுதலாகப் போட்டேன். "யாருக்கு?" என்றார் கணவர். "வழியில இருக்கிறவங்களுக்கு." "எடு முதல்ல, நல்ல நாளும் அதுவுமா," என்று முகம் சுளித்தார். எடுக்காமலேயே, நடந்ததையெல்லாம் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவி, புனேயில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. அவள் எடுத்ததும், "ஒண்ணுமில்லம்மா," என்றார். "தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசு."